நூற்று முப்பது டிகிரி

மார்ச் 4, செவ்வாய்

வேலை நோட்டு எழுதுவது மோட்டார் கம்பெனியில் வைண்டிங் செய்த காலத்துப் பழக்கம். என்ன வந்தது, என்ன கோளாறு, என்ன செய்தேன். மூன்று வரி போதும். அதற்குமேல் எழுதக் கூடாது என்று வருஷா வருஷம் நினைக்கிறேன், இந்தப் பாழாய்ப்போன கை நிற்பதில்லை.

மிக்ஸி ஒன்று, கார்பன் மாற்றினேன். கிரைண்டர் ஒன்று, பெல்ட். டீக்கடை மாடசாமியின் சீலிங் ஃபேன் வைண்டிங் முடிந்து நேற்றே போய்விட்டது. இன்று காலையில் அவர் வந்து நின்றார். ஃபேனைப் போட்டால் கருகல் வாடை அடிக்கிறதாம்.

"புது வார்னிஷ் வாடை அது. ரெண்டு நாள்ல போயிரும்," என்றேன்.

"ஒரு தடவ கழட்டிப் பாத்திருங்களேன்க்கா."

எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "ஏன் மாடசாமி, ஒங்க டீயில கருகல் வாடை அடிக்குன்னு நான் என்னைக்காவது சொல்லிருக்கனா? இருவது வருசமா கம்பி சுத்துதேன். எது வார்னிஷ், எது கருகல்னு எனக்குத் தெரியும். ரெண்டு நாள் பொறுங்க." மனுஷன் வந்த வழியே போய்விட்டார்.

எதிர்வீட்டு ஜன்னலில் சிரிப்புச் சத்தம். கஸ்பார்தான். துறைமுகத்தில் கப்பலில் சரக்குக் கட்டும்போது மேலேயிருந்து விழுந்தவர். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது, ஆறு வருஷமாகக் கட்டிலோடு கட்டில். அவர் கட்டில் அந்த ஜன்னலோரம், என் வேலை மேஜை இந்த ஜன்னலோரம். நடுவில் ஒரு சைக்கிள் போகிற அளவுக்குச் சந்து. முன்பு மேஜை பின்கட்டில் கிடந்தது. இங்கே வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று மாற்றிப் போட்டேன்.

"பாவம் அந்த மனுசன். வார்னிஷ்னு ஒரே அடியா அடிச்சு அனுப்பிட்டியே சலேத்து."

"ஒங்களுக்கென்ன, படுத்துக்கிட்டு நியாயம் பேசலாம்."

"படுத்துக்கிட்டுத்தான பேச முடியும்," என்று அதற்கும் சிரித்தார்.

அவர் சம்சாரம் பிரகாசி மீன் கம்பெனிக்குக் காலை எட்டு மணிக்குப் போனால் சாயங்காலம் ஐந்தாகும். பிரகாசியை நான் அக்கா என்கிறேன். அந்தக் கணக்குப்படி இவர் அத்தான். அது வாயில் வரவில்லை. தெருவில் எல்லாரையும்போல அண்ணன் என்று கூப்பிட்டிருக்கலாம், அதுவும் வரவில்லை. ஆறு வருஷமாக முறை சொல்லாமலே பேசிக்கொண்டிருக்கிறேன். அவரும் ஏன் என்று கேட்டதில்லை.

மார்ச் 12, புதன்

எதிர்வீட்டு ஸ்டாண்ட் ஃபேன் பதினொரு மணிக்கு நின்றுவிட்டது. பிரகாசி வேலைக்குப் போயிருந்தாள். வெளிக்கொண்டியைத் திறந்து நானே போய்த் தூக்கிவந்தேன். வெயில் இந்த வருஷம் மாசியிலேயே மண்டையைப் பிளக்கிறது. படுத்தே கிடக்கிற முதுகுக்குக் காற்று இல்லையென்றால் புண் வந்துவிடும். அந்த ஃபேன் ராப்பகலாக ஓடுவது அதற்காகத்தான்.

வைண்டிங் நன்றாக இருந்தது. அதோடு சேர்த்துக் கட்டியிருக்கும் வெப்ப ஃப்யூஸ்தான் போயிருந்தது. இந்தக் காலத்து ஃபேன்களில் எல்லாம் இது ஒன்று வைத்துத் தொலைக்கிறார்கள். நிலக்கடலைப் பருப்பு அளவு இருக்கும், இரண்டு பக்கமும் கம்பிக் கால். மேலே 130 என்று அடித்திருக்கும். மோட்டார் அந்தச் சூட்டைத் தொட்டால் கரன்டை அறுத்துவிடும். அறுந்தால் அறுந்ததுதான், மறுபடி சேராது.

புதிதாக ஒன்று வைத்து, ஈயம் உருக்கிச் சால்டர் செய்தேன். ஓடவில்லை. மீட்டர் வைத்துப் பார்த்தால் புது ஃப்யூஸே செத்துக் கிடக்கிறது. இன்னொன்று வைத்தேன், அதுவும் அப்படித்தான். மூன்றாவதும் போயிற்று. பார்ட்ஸ் கடை முத்தையா ஒரு வருஷமாக எனக்குச் சொத்தை ஃப்யூஸாகத் தள்ளிவிடுகிறார். ஒருநாள் நேரில் போய் வைத்துக்கொள்கிறேன்.

சந்துக்கு அந்தப்பக்கம் அவர் துண்டால் நெஞ்சைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "அவசரமில்ல, நிதானமாப் பாரு," என்றார். சட்டை போடாத உடம்பு முழுக்க வேர்வை. எனக்குக் கை ஓடவில்லை.

பன்னிரண்டே காலுக்கு ஓட்டிக் காட்டிக் கொண்டுபோய் வைத்தேன். "ஒங்கையால ஓடுத காத்து தனிதான்," என்றார்.

ஸ்டாண்ட் ஃபேன், கஸ்பார் வீடு. ஃப்யூஸ் கோளாறு. சரி செய்தாச்சு.

மார்ச் 13, வியாழன்

காற்று வருகிறதா என்று கேட்டேன். கையைத் தூக்கிக் காட்டினார்.

மார்ச் 20, வியாழன்

அயர்ன் பாக்ஸ் இரண்டு. வாஷிங் மெஷின் மோட்டார் ஒன்று.

பிரகாசி சாளை மீன் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் கையெல்லாம் ஐஸில் கிடந்து வெளுத்துப்போயிருக்கிறது. காலையில் அவரைப் புரட்டித் துடைத்து, முதுகு பூராவும் பவுடர் கொட்டிவிட்டுத்தான் வேலைக்கு ஓடுவாள். பவுடர் டப்பா வாரத்துக்கு ஒன்று ஆகிறதாம். "அந்த ரூமே மாவு மில்லு மாதிரி கிடக்கு சலேத்," என்றாள். உட்கார்ந்து ஒரு டம்ளர் காபி குடிக்கக்கூட அவளுக்கு நேரமில்லை. நாய் நுழைந்துவிடும் என்று கதவை வெளியே கொண்டி போட்டுவிட்டுப் போவாள். போட்டுவிட்டுத் தெருமுனைவரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போவாளாம். இன்றைக்குத்தான் சொன்னாள்.

மார்ச் 26, புதன்

நேற்று எழுத முடியவில்லை.

நேற்று மத்தியானம் அந்த மூன்று செத்த ஃப்யூஸையும் பொட்டலம் கட்டி எடுத்துக்கொண்டு முத்தையாவிடம் சண்டைக்குப் போனேன். கடை பூட்டிக் கிடந்தது, சாப்பாட்டு நேரம். நாளைக்கு வரலாம் என்று திரும்பியிருக்க வேண்டும். வந்ததற்கு ஒரு கை பார்த்துவிட்டுத்தான் போவது என்று ஒரு மணி நேரம் அந்த வெயிலில் நின்றேன். ஆள் வரவேயில்லை.

திரும்பி வந்தபோது சந்து முழுக்க ஆள். எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து கறுப்பாகப் புகை. மாடசாமிதான் கொண்டியைத் திறந்து உள்ளே போய்க் கஸ்பாரைத் தூக்கியிருக்கிறார். ஃபேன் தீப்பிடித்து, உருகிய பிளாஸ்டிக் போர்வையில் விழுந்திருக்கிறது. கட்டிலில் கிடந்தபடி அவர் கத்தியிருக்கிறார். கேட்கிற தூரத்தில் இருந்த ஜன்னல் என்னுடையது ஒன்றுதான்.

பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது. கால் முழுக்கத் தீக்காயம். காலில் வலி தெரியவில்லை என்று நர்ஸிடம் சொன்னாராம். புகைதான் நெஞ்சை அடைத்துவிட்டது.

பழைய வீடு. சுவருக்குள் ஓடுகிற ஒயர் எல்லாம் எந்தக் காலத்து ஒயரோ.

மார்ச் 28, வெள்ளி

பார்க்கப் போனேன். முகத்தில் மாஸ்க். என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினார். என்ன சொல்ல வந்தாரோ, சொல்ல முடியவில்லை.

மார்ச் 29, சனி

போய்விட்டார். காலை ஆறே காலுக்கு.

மார்ச் 31, திங்கள்

நேற்று அடக்கம். பிரகாசி அழவில்லை. "எக்ஸ்டென்ஷன் பாக்ஸில நான்தான் ஃபேனோட சேத்து செல்போனையும் சொருகிட்டுப் போனேன். ஸ்பீடை மூணுல வச்சிட்டுப் போனேன். ரெண்டுல வச்சிருக்கணும்," இதையே வருகிறவர்கள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அப்படியெல்லாம் இல்லக்கா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

இன்று எஸ்.ஐ. பூங்கொடி வந்தார். ஃபேனை யாரும் ரிப்பேர் பார்த்தார்களா என்று கேட்டார். பிரகாசியே முந்திக்கொண்டு, "எதிர்வீட்டு சலேத்துதான் பாத்தா. அவ பாத்தா ஒரு கொறையும் இருக்காது," என்றாள்.

"என்ன செஞ்சீங்க?"

"ஃப்யூஸ் போயிருந்துச்சு. மாத்துனேன்."

அவர் எழுதிக்கொண்டார்.

ஏப்ரல் 2, புதன்

கஸ்பாரின் தம்பி மிலிட்டன் ஸ்டேஷனில் மனு கொடுத்திருக்கிறான். ஆறு வருஷத்தில் ஆறு தடவைகூட அண்ணனை எட்டிப் பார்க்காதவன். அண்ணி வேண்டுமென்றே கதவை வெளியே பூட்டிவிட்டுத் தீ வைத்திருக்கிறாள், படுக்கையில் கிடக்கிறவனைப் பார்த்து அலுத்துப்போய்ச் செய்திருக்கிறாள் என்று எழுதியிருக்கிறானாம். தெருவிலும் அதையே மெல்லுகிறார்கள். குழாயடியில் பிரகாசி குடத்தை வைத்ததும் பேச்சு நின்றுவிடுகிறது. மீன் கம்பெனியிலும் விஷயம் முடிகிறவரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

கொண்டி நாய்க்காகப் போடுவது என்று எனக்குத் தெரியும். அதை மட்டும் போய் எஸ்.ஐ.யிடம் சொன்னேன். "அது சரிம்மா. தீ எப்படி வந்துச்சுன்னு ஒங்களுக்கு ஏதாச்சும் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்றேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

முத்தையா பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தார். "இதோட கால ஒட்ட வெட்டி, சால்டரிங் அயர்னை நேரா வச்சியாம்மா?"

"பின்ன எப்படி வைக்க?"

"இது நூத்தி முப்பதுல அறுந்துபோற சாமான். ஒன் அயர்ன் முன்னூறுக்கு மேல இருக்கும். சூடு கால் வழியா உள்ள ஏறி, நீ பத்த வைக்கும்போதே அறுந்துருது. மூக்குப் பிளையரால கால நடுவுல கவ்விக்கிட்டுல்லா வைக்கணும். சூட்டப் பிளையர் இழுத்துக்கிடும். டப்பாவுலயே இங்கிலீஷ்ல எழுதிருக்கே."

அவர் கடையிலேயே புதிதாக ஒன்று வாங்கி மீட்டரில் வைத்தேன். பீப் அடித்தது. என் பழக்கப்படி அயர்னை வைத்தேன். மறுபடி மீட்டர். சத்தமில்லை. அடுத்ததைப் பிளையரால் கவ்விக்கொண்டு வைத்தேன். பீப் அடித்தது.

சொத்தை என்று நான் வைத ஃப்யூஸ் அத்தனையும் நல்ல ஃப்யூஸ். என் கையில்தான் செத்திருக்கிறது.

ஏப்ரல் 5, சனி

செத்த ஃப்யூஸ் ஒன்றை அரம் போட்டு ராவித் திறந்து பார்த்தேன். உள்ளே தலைமுடி கனத்தில் ஒரு ஸ்பிரிங். அதைப் பிடித்துக்கொண்டிருந்த மெழுகு போன்ற உருண்டை உருகி ஓரத்தில் ஒட்டியிருந்தது. அவ்வளவுதான் அதன் உடம்பு. சூடு ஏறினால் உருண்டை உருகும், ஸ்பிரிங் விலகும், கரன்ட் நிற்கும். மோட்டாரைக் காப்பாற்றிவிட்டுத் தான் போய்விடும்.

எரிந்த ஃபேனின் மோட்டாரைப் போலீஸ் எடுத்துப்போய்விட்டது. பார்க்காமலே எனக்குத் தெரியும். பவுடர், தண்டு சுழலுகிற புஷ்ஷுக்குள் போய் எண்ணெயோடு சேர்ந்து பசையாகியிருக்கும். சுற்ற முடியாமல் திணறித் திணறி மோட்டார் சூடேறியிருக்கிறது. பன்னிரண்டாம் தேதி ஃப்யூஸ் போனது அதைச் சொல்லத்தான். எதற்குப் போனாய் என்று நான் அதைக் கேட்கவேயில்லை. புஷ்ஷைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவியிருந்தால் பத்து நிமிஷ வேலை.

ஏப்ரல் 8, செவ்வாய்

வேலை ஒன்றும் எடுக்கவில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

தவக்காலம் முடியப்போகிறது. கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் இரண்டே பேர் இருக்கும்போது வெளியே வந்துவிட்டேன். சாமியாரிடம் சொல்லிவிட்டால் மனசு லேசாகிவிடும். லேசான பிறகு பிரகாசியிடம் போகமாட்டேன். என்னை எனக்குத் தெரியும்.

வெளியே வந்தால் பிரகாசியைக் காலையிலேயே ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்றார்கள். சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் விட்டார்கள். சந்தில் சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்து வந்தாள். "ஒப்புக்கிட்டுப் போயிரலாம்னு இருக்கு சலேத். எப்படியும் நான் வச்சிட்டுப் போன ஃபேன்தான," என்றாள்.

ஏப்ரல் 12, சனி

சொல்லிவிட்டேன்.

காலையில் அவள் வீட்டுக்குப் போனேன். கரிபிடித்த ரூமை அவள் இன்னும் கழுவவில்லை. கட்டில் கிடந்த இடத்தில் மட்டும் தரை வெள்ளையாக இருந்தது. நான் உட்காரவில்லை.

"அக்கா, அந்த ஃபேனுக்கு நான் ஃப்யூஸ் மாத்தல. மூணு வச்சேன், மூணும் போயிருச்சு. கடைசியில ஃப்யூஸை எடுத்துட்டு, ரெண்டு கம்பியையும் முறுக்கி நேரா சேத்துட்டேன். டைரக்ட்னு சொல்லுவோம். மோட்டார் எவ்வளவு சூடானாலும் நிறுத்த அதுல ஒண்ணுமில்ல. ஒங்க மேல ஒரு தப்பும் கிடையாது. எம்மேலதான்."

அவள் என்னைத் திட்டுவாள், அடிப்பாள் என்று நினைத்துத்தான் போனேன். ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"ஒங்கடையில அன்னைக்கு ஓடுத ஃபேன் நாலு கிடந்துச்சே. ஒரு நாளைக்கு அதுல ஒண்ணத் தந்திருக்கலாம்ல?"

தந்திருக்கலாம். கஸ்டமர் சாமானை வெளியே கொடுப்பதில்லை என்று ஏதோ உளறினேன். அது உண்மையில்லை என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது. என் சொந்த ஃபேன்கூடத் தலைக்கு மேலே ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவர் ஃபேனை அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒரு மணி நேரத்துக்குள், நானே ஓட்டிக் காட்ட வேண்டும் என்று இருந்தது எனக்கு.

பிரகாசி எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டாள். "வா, ஸ்டேஷனுக்குப் போவோம்," என்றாள். இரண்டு பேரும் ஒரே ஆட்டோவில் போனோம்.

எஸ்.ஐ. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு இந்த நோட்டைக் கேட்டார். கொடுத்தேன். 'சரி செய்தாச்சு' என்கிற வரியில் விரலை வைத்து என்னைப் பார்த்தார். பிறகு அத்தான் என்று வாயில் வராததை எழுதியிருந்த முதல் பக்கத்துக்குத் திருப்பி ரொம்ப நேரம் படித்தார். ஏதோ கேட்க வாயெடுத்தார். பிரகாசி பக்கத்தில் இருந்ததால் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு திருப்பித் தந்துவிட்டார்.

வழக்கு இனி என் பேரில். மோட்டாரைப் பிரித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள், முறுக்கிய கம்பி அதில் அப்படியேதான் இருக்கும். கூப்பிடும்போதெல்லாம் போக வேண்டும். பிரகாசியை இனிக் கூப்பிடமாட்டார்கள்.

ஏப்ரல் 16, புதன்

பழைய நோட்டுகளையும் புரட்டினேன். கஸ்பார் ஃபேன் போக, இந்த ஒரு வருஷத்தில் நான் டைரக்ட் போட்ட ஃபேன் ஏழு. ஏழுக்கும் 'சரி செய்தாச்சு' என்றுதான் எழுதியிருக்கிறேன். வீடு வீடாகப் போய்க் கழற்றி, பிளையரால் கவ்விப் புது ஃப்யூஸ் வைத்து, புஷ்ஷைக் கழுவிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். இன்றைக்கு ஐந்து முடிந்தது. ஒரு வீட்டில் கதவைச் சாத்திவிட்டார்கள். "ஓடுதுல்லா, விட்டுட்டுப் போ," என்றார்கள். இருபது நிமிஷம் வாசலிலேயே நின்றேன், பிறகு உள்ளே விட்டார்கள்.

டீக்கடை ஃபேன் பழசு, அதில் இந்த ஃப்யூஸே கிடையாது. இருந்தாலும் கழற்றிப் பார்த்தேன். கருகல் எதுவுமில்லை, அன்று அடித்தது நிஜமாகவே வார்னிஷ் வாடைதான். "நீங்க அன்னைக்கே சொன்னீங்களேக்கா," என்றார் மாடசாமி. கையில் இன்னும் கட்டு இருக்கிறது, கஸ்பாரைத் தூக்கும்போது தீ பட்டது. எனக்கு ஒரு டீ போட்டுக் கொடுத்தார். குடிக்க முடியவில்லை.

ஏப்ரல் 17, வியாழன்

மீதி இரண்டும் முடிந்தது. மேஜையைப் பின்கட்டுக்கே தூக்கிப் போட்டுவிட்டேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

இன்று பூசை முடிந்ததும் பிரகாசி வந்தாள். கம்பெனியில் மறுபடி சேர்த்துக்கொண்டார்களாம். மேஜை ஜன்னலோரம் இல்லாததைப் பார்த்தாள். வெறுந்தரையில் உட்கார்ந்தாள்.

"எஸ்.ஐ. அம்மாட்ட ஒண்ணு நான் சொல்லல சலேத். ஒங்கிட்டயாவது சொல்லணும். எனக்கு ஒறக்கம் வரல."

சொல்லுங்கக்கா என்றேன்.

"தீப்பிடிச்சதுக்கு முந்துன ஞாயித்துக்கெழமையே ஃபேன்ல வாடை வந்துச்சு. கருகுத வாடை. நான் சலேத்தக் கூப்புடட்டான்னு கேட்டேன். அவரு வேண்டாம்னுட்டாரு. 'இது வார்னிஷ் வாடைட்டி, ரெண்டு நாள்ல போயிரும். அவட்டப் போயிக் கேட்டா மாடசாமிக்கு விழுந்தது நமக்கும் விழும்'னு சிரிச்சாரு. 'அவ செஞ்ச வேலையக் கொற சொன்னா மொகம் வாடிப்போவா'ன்னாரு. நானும் விட்டுட்டேன். திங்கக்கெழமையும் வாடை வந்துச்சு, செவ்வாக்கெழமை காலையிலயும் வந்துச்சு. ரெண்டு நாள்தானன்னு போட்டுட்டு வேலைக்குப் போயிட்டேன்."

அவள் அழுதாள். அடக்கத்தன்றுகூட அழாதவள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் கையைப் பிடிக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை, பிடித்தேன். அவள் இழுத்துக்கொள்ளவில்லை.

"வார்னிஷ்தான சலேத் அது? மொதல்ல வந்தது வார்னிஷ் வாடைதான? பெறவுதான கருகிருக்கும்?"

"ஆமாக்கா," என்றேன்.

சாயங்காலம்வரை இருந்துவிட்டுப் போனாள். வார்னிஷ் போடுவது புதிதாக வைண்டிங் சுற்றினால்தான். அவர் ஃபேனுக்கு அன்றைக்கு நான் வார்னிஷே போடவில்லை.